லைசென்ஸ் அவற்றை, கையொப்பம் என்ரை

ஹலோ... ஹலோ... ஓம், கிளிநொச்சிதான்... ஓமோம், செத்தல் மிளகாய்க் கடைதான். இன்சூரன்ஸ் ஏஜென்ற்றின்ரை இடமும் இதுதான்... இல்லை, அவர் இல்லை. நான் பெண்சாதி, விமலேஸ்வரி... என்ன? கொஞ்சம் பலத்துக் கதையுங்கோ... கொழும்போ? தலைமைக் கந்தோரோ?... ஆ, வணக்கம் ஐயா, வணக்கம்.

ஒரு நிமிஷம் ஐயா... வீரகத்தி அண்ணை, உந்தச் செத்தல் மூட்டையை உதிலை போட்டு உதறாதேங்கோ! கொழும்பிலையிருந்து கோல் வந்திருக்கு. நான் தும்மத் துவங்கினால் அவை அங்கை வைச்சிட்டுப் போயிடுவினம்... ம், இப்ப சொல்லுங்கோ ஐயா.

அவர் பரந்தன் மட்டும் போயிருக்கிறார்... வந்திடுவார், இப்ப வந்திடுவார். என்ன விஷயமெண்டாலும் என்னட்டைச் சொல்லலாம்... ஏன்?... லைசென்ஸ் உள்ள ஆளோடைதான் கதைப்பியளோ? கதைக்கிறதுக்கும் லைசென்ஸ் வேணுமோ ஐயா?... சரி சரி, கோவிக்காதேங்கோ. பகிடிக்குச் சொன்னனான்.

ஓம்... ஓம்... கிறகோரியின்ரை துண்டு! அந்தக் கதையைத்தானே நாங்களும் ஒரு மாசமாப் பாத்துக்கொண்டிருக்கிறம். மூண்டு கடிதம் போட்டம். மூண்டும் போய்ச் சேந்ததோ, இல்லாட்டி உங்கடை கந்தோரிலை கடலை சுத்தினவையோ தெரியாது... ஓமோம், முல்லைத்தீவு ஆள். கருவாடு கொண்டந்து இஞ்சை சந்தையிலை குடுத்திட்டு வீட்டை திரும்பிப் போகேக்கைதான் எங்கடை கடையிலை பயணக் காப்புறுதித் துண்டு எடுத்தவர். எடுத்து ஒரு மணித்தியாலமில்லை. முரசுமோட்டையிலை எருமை ஒண்டு குறுக்கை வந்து, பஸ் வாய்க்காலுக்கை இறங்கிப் போட்டுது... இல்லை ஐயா, எருமைக்கு ஒண்டுமில்லை. அது எழும்பித் தன்ரை பாட்டிலை போட்டுது. கிறகோரிக்குத்தான் வலது கால் ரெண்டு இடத்திலை முறிவு. கடலுக்குப் போகேலாமல் கிடக்கிறார். பெண்சாதி கிறேஸ் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு கிழமைக்கு ரெண்டு தரம் இஞ்சை வந்து, "கடிதம் வந்ததோ அக்கா" எண்டு கேக்கிறா. நான் என்னத்தைச் சொல்லுறது?

என்ன, கையொப்பமோ?... ஓம்... "வி" எண்டு போட்டு, கீழை ஒரு சுழிப்பு. ஓமோம்... வடிவான ஒப்பமெல்லோ?... என்ரை ஒப்பம்தான் ஐயா. அதிலை என்ன?

...

எல்லாத் துண்டிலையுமோ? ஓம், எல்லாத்திலையும் நான்தான்... இல்லை, அவருக்குக் கை நல்லாத்தான் இருக்கு... இல்லை, அவருக்கு எழுதத் தெரியும்! என்ன ஐயா, நீங்கள் வைச்ச சோதினையை மூண்டாம் தரத்திலை பாஸ் பண்ணி, கொழும்புக்கே வந்து லைசென்ஸ் வாங்கின மனிசனல்லோ?

பின்னை ஏன் நான் வித்தனானோ? அது பெரிய கதை ஐயா. உங்களுக்கு நேரமிருக்கோ?... சரி, சுருக்கிச் சொல்லுறன்.

உங்கடை படிவத்திலை முதல் கேள்வி என்ன? "எங்கே போகிறீர்?" ஐயா, நீங்கள் எந்த ஊர்?... கோண்டாவிலோ! அப்ப உங்களுக்கே தெரியுமே. வெளிக்கிட்டு நிக்கிற ஆளைப் பாத்து ஆராவது "எங்கை போறாய்" எண்டு கேப்பினமோ? கேட்டால் போற காரியம் உருப்படுமோ? உங்கடை அம்மா உங்களைக் கேக்க விட்டிருப்பாவோ?... பாத்தியளே! "எவ்வளவு தூரம்" எண்டுதானே கேக்கிறது. இவர் பாவம், கொம்பனி எழுதினபடி, பஸ்ஸிலை ஒரு கால் வைச்ச சனத்தைப் பிடிச்சு, "எங்கை போறியள்" எண்டு கேட்டார். அடுத்த கேள்வி என்ன? "நீர் இறந்தால் பணம் யாருக்கு?" அதையும் கேட்டார். கேட்டுப்போட்டு, செத்தல் கடைக்காரன்தானே, ஒரு தும்மலும் போட்டார். ஒரு மனிசன் பஸ்ஸாலை இறங்கி வீட்டை போயிட்டுது. இன்னொருவர் கலியாணம் பேசப் போக நிண்டவர், இவருக்கு அடிக்க வந்தவர்.

சிரிக்காதேங்கோ ஐயா. ஒரு மாசம் முழுக்க ஒரு துண்டும் போகேல்லை. கொம்பனி "ஏன் விக்கேல்லை, லைசென்ஸைத் திருப்பி எடுக்கப் போறம்" எண்டு கடிதம் போட்டுது. உங்கடை கந்தோர்தான்... நீங்களோ எழுதினது? நல்ல வேலை.

அப்பதான் நான் முழுவியளத்துக்கு நிண்டன்... ஓம், முழுவியளம்தான். பயணம் வெளிக்கிடுற ஆளுக்கு முன்னாலை சுமங்கலி ஒருத்தி நிண்டால் நல்ல சகுனமெல்லோ. தலையிலை பூ வைச்சு, குடத்திலை தண்ணி நிறைச்சு, பஸ் நிக்கிற இடத்திலை போய் நிண்டன். சனம் என்ரை முகத்தைப் பாத்துப்போட்டு ஏறும். ஏற முதல் என்ரை கையாலை துண்டு வாங்கும். ஆம்பிளையள் வரிசை கட்டினவை ஐயா! வேதக்காரர் உதுகள் பாக்கிறேல்லை எண்டு நினையாதேங்கோ. கிறகோரி அந்தோனியாருக்கு நேந்துபோட்டு, என்ரை முகத்தையும் பாத்துட்டுத்தான் ஏறினவர்... ஓம், அப்பிடியும் பஸ் வாய்க்காலுக்கை போனதுதான். என்ரை முகத்துக்கும் எருமைக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வியளோ? கேட்டனான், கேட்டனான். ஆனால் என்ரை மாதிரிக் கேட்டனான். "இறந்தால் ஆருக்கு" எண்டு கேப்பனோ? "திரும்பி வரேக்கை ஆருக்குச் சாமான் வாங்கிக்கொண்டு வருவியள்" எண்டு கேப்பன். சொல்லுற பேரை அந்த இடத்திலை எழுதுவன்... "சிவப்பி"யோ? எந்தத் துண்டு?... ஆ, அது உருத்திரபுரத்து ஐயாத்துரையற்றை. அது அவற்றை மாடு ஐயா. புண்ணாக்கு வாங்கிக்கொண்டு வருவன் எண்டு சொன்னவர். அதை வெட்டிப்போட்டு மனிசியின்ரை பேரைப் போடுவம் எண்டு நினைச்சனான், பஸ் வெளிக்கிட்டுது...

என்ன?... திருப்பிச் சொல்லுங்கோ.

...

செல்லாதோ?

எது செல்லாது? கிறகோரியின்ரை துண்டோ?... லைசென்ஸ் இல்லாத ஆள் ஒப்பம் வைச்சபடியாலோ?... ஐயா, அந்த மனிசன் துண்டு எடுத்தவர். நீங்கள் மாசம் முழுக்க எல்லாத் துண்டுக்கும் பற்றுச்சீட்டு அனுப்பினனியள். "மிக நன்று, தொடர்க" எண்டு எழுதியும் விட்டனியள்! அப்ப என்ரை சுழிப்பு உங்களுக்குக் கண்ணிலை படேல்லையோ? கால் முறிஞ்ச பிறகுதான் கண்ணாடி போட்டுப் பாத்தனியளோ?

கத்தேல்லை. நான் கத்தேல்லை... சரி, கத்தினனான்தான்.

லைசென்ஸ் நானும் கேட்டனான் ஐயா, முதல் நானும்தான் கேட்டனான். எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணினது நான். அவர் எட்டாம் வகுப்பு. உங்கடை பெரியவர் ஒராள் பதில் எழுதினவர்: வன்னியிலை யானை திரியுற பாதையள், பொம்பிளை ஏஜென்ற் சரிவராது எண்டு. யானை ஆம்பிளை ஏஜென்ற்றைக் கண்டால் எழும்பி நிண்டு கும்பிடுமோ?... உங்களைச் சொல்லேல்லை. உங்கடை பெரியவரைச் சொல்லுறன்.

ஆர்?... ரெலிபோன் எக்ஸ்சேஞ்சோ? மூண்டு நிமிஷம் முடிஞ்சுதோ? பிள்ளை, இன்னொரு மூண்டு குடுங்கோ. கோல் எடுத்தது அவைதானே, அவை கட்டுவினம்... ஹலோ? இருக்கிறியளோ தம்பி? ஐயா எண்டு சொன்னது போதும், உங்கடை குரலைப் பாத்தால் என்ரை கடைசித் தம்பியின்ரை வயசுதான் இருக்கும். என்ன பேர்?... யோகலிங்கம். சரி தம்பி யோகலிங்கம், கொஞ்சம் பொறுங்கோ. விதிப் புத்தகம் எடுத்துக்கொண்டு வாறன்.

...

ஹலோ. இந்தா, இஞ்சை கிடக்கு. இந்தப் புத்தகத்தை நான்தான் அவருக்கு வாசிச்சுப் பாடமாக்கினனான். மாவிடிக்கேக்கையும் வாசிப்பு, கறி தாளிக்கேக்கையும் வாசிப்பு. நாலாம் விதி: லைசென்ஸ் உள்ளவர் தானே கேட்டு, தானே எழுதி, தானே ஒப்பம் வைக்கவேணும். சரி, அதிலை நாங்கள் பிழை. ஒப்புக்கொள்ளுறன். பதினொராம் விதியைப் பாருங்கோ... எடுத்தியளோ?... வாசியுங்கோ. நீங்களே வாசியுங்கோ, எனக்குக் கேக்க ஆசையாக் கிடக்கு...

ஓம்... "அவர் அறிய"... ஓம்... "கொம்பனியே பொறுப்பு." நிப்பாட்டுங்கோ! லைசென்ஸ்காரருக்குத் தெரிஞ்சு வேறை ஆள் வித்தால், துண்டு எடுத்த பயணியிலை பிழையில்லை, கொம்பனி குடுக்கவேணும். அச்சிலை கிடக்கு தம்பி. அப்ப கிறகோரிக்குக் குடுக்கவேணும்!

...

அடுத்த வரி தெரியும். "லைசென்ஸ் நிரந்தரமாக ரத்து." தெரியும். வாசிக்கத் தேவையில்லை.

...

என்ன சொல்லுறியள்?... மெதுவாச் சொல்லுங்கோ... அவருக்குத் தெரியாமல் எண்டோ? நான் துண்டுப் புத்தகத்தைக் களவா எடுத்து, அவருக்குத் தெரியாமல் வித்தனான் எண்டு ஒரு கடிதம் எழுதித் தரட்டோ?... ஓம்... அவற்றை லைசென்ஸ் தப்பும்... ஓம், விளங்குது. எனக்கும் கண்டிச்சு ஒரு கடிதத்தோடை விட்டிடுவியள்... அப்ப கிறகோரி?

...

நான் கேட்டது கேட்டதோ தம்பி? கிறகோரிக்கு என்ன?

...

அதுதானே. அவருக்கு ஒண்டுமில்லை.

நீங்கள் நல்ல மனசோடைதான் சொல்லுறியள், விளங்குது. உங்களிலை எனக்குக் கோவமில்லை. அவரிலை எனக்கும் பட்சம் இருக்கு. தம்பி, உங்களுக்கு அது வெறும் கடுதாசி. லைசென்ஸ் வர முதல் இஞ்சை சனம் அவரைச் "செத்தல்" எண்டுதான் கூப்பிட்டது. "செத்தல் வாறான், செத்தல் போறான்." என்ரை காதாலை கேட்டனான். இப்ப அரசாங்கத்து ஏ.ஜி.ஏ. கந்தோரிலையும் "ஏஜென்ற் ஐயா இருங்கோ" எண்டு கதிரை போடுகினம். அந்தக் கதிரையிலை இருக்கேக்கை அவற்றை முகத்தை நீங்கள் பாக்கேல்லை. நான் பாத்தனான்.

பொறுங்கோ. சைக்கிள் சத்தம் கேக்குது... வந்திட்டார். பொறுங்கோ தம்பி, வைச்சிடாதேங்கோ.

இஞ்சருங்கோ, கொழும்புக் கந்தோர். கிறகோரியின்ரை துண்டு விஷயம்... இல்லை, நில்லுங்கோ, முதல் கேளுங்கோ. நான் வித்தது உங்களுக்குத் தெரியும் எண்டு சொன்னால் அந்தாளுக்குக் குடுப்பினம், உங்கடை லைசென்ஸ் போயிடும். தெரியாதெண்டு சொன்னால் லைசென்ஸ் நிக்கும், அந்தாளுக்கு ஒண்டுமில்லை. நான் என்ன சொல்ல?... என்னப்பா?

ஹலோ தம்பி... ஓம், சொல்லிப்போட்டன்... உள்ளை வந்து சுவரைப் பாக்கிறார்... ஓம், பிள்ளை, எக்ஸ்சேஞ்ச், கேட்டது, இன்னும் ஒரு மூண்டு! குறுக்கை வராதேங்கோ!

...

தம்பி.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறுறார்... சுவரிலை கண்ணாடி போட்டுக் கொழுவியிருந்தவர், அதைக் கழட்டுறார்... ஓம், லைசென்ஸைத்தான்... வேட்டித் தலைப்பாலை தூசு துடைக்கிறார்.

என்னப்பா?... ஆ... சரி, சொல்லுறன்.

பழைய பேப்பரிலை சுத்தித் தாறாராம், நாளைக்குத் தபாலிலை வருமாம். நீங்கள் ரத்துச் செய்யுமட்டும் பாத்துக்கொண்டிருக்க மாட்டாராம். ஆனால் அது உங்கடை கைக்கு வர முன்னம் கிறகோரிக்குக் கொம்பனி எழுதுற கடிதம் வெளிக்கிட்டிருக்க வேணுமாம்... எந்த நாள்?... வெள்ளிக்கிழமையோ? நிச்சயமோ?... உங்கடை கையாலை தபாலிலை போடுவியளோ?... சரி. நம்புறன்.

இப்ப எழுதுங்கோ. வித்தது நான், விமலேஸ்வரி. அவருக்குத் தெரியும். முதல் நாளிலையிருந்து தெரியும்... எழுதியாச்சோ? வாசியுங்கோ... "அறியாமையினால்" எண்டு ஏன் போட்டனியள்? அதை வெட்டுங்கோ. விதிப் புத்தகம் முழுக்கப் பாடம் எனக்கு, அறியாமை எங்கையிருந்து வரும்?... வெட்டியாச்சோ? நல்லது.

இல்லைத் தம்பி, ஒண்டுமில்லை... இல்லை, செத்தல் தூசு... இல்லையெண்டு சொல்லுறன்...

ஓம், அழுகிறன்தான். அதை எழுதாதேங்கோ. மற்றதெல்லாம் எழுதுங்கோ... வைக்கிறன்.