ஆறு பக்கக் கட்டை

மத்தியானம் பன்னிரண்டரை மணி. தளி ரோடு. ஞாயிற்றுக்கிழமை.

என்ன சிரிப்பு? பேய் என்றால் ராத்திரியில்தான் வர வேண்டுமா? உச்சி வெயிலில் வந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டுச் சிரி. ஃபக்ருதீன், அந்த மெழுகுவத்தியை இப்படி நகர்த்து. கரண்ட் வந்தால் கதை நின்றுவிடும், இப்போதே சொல்லிவிட்டேன்.

என்னோடு வேலை பார்க்கும் சௌந்தரராஜனின் சித்தப்பாவுக்கு நடந்தது இது. பெயர் ரத்தினவேல். தருமபுரிக்காரர். ஓசூரில் ஃபாக்டரிகள் முளைத்துக்கொண்டிருந்த காலத்தில், தளி ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மில்லிங் மெஷின் ஓட்டியவர். அன்றைக்கு அந்த ரோட்டில் ஆள் நடமாட்டமே இல்லை. தைல மரத்து இலை வெயிலில் காயும் வாசனை. இவர் செருப்புச் சத்தம் மட்டும்... சரக்... சரக். வேலையை விட்டு விரட்டிய இடத்துக்கே திரும்பப் போய்க்கொண்டிருந்தார்.

ஏன் விரட்டினார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு ஒரு கூட்டாளி. ஆஞ்சப்பன், தளிப் பக்கத்துக்காரன். வாயில் எப்போதும் கிராம்பு. பேசுவது மூன்று பாஷை, எண்ணுவது மட்டும் கன்னடத்தில். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு காலெட் பிளாக் செய்தார்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆறு பக்கம் உள்ள எஃகுக் கட்டை, நடுவில் துளை, துளைக்குள் கம்பியைக் கவ்விப் பிடிக்கிற காலெட். கட்டையை வைஸ் என்கிற இடுக்கியில் இறுக்கிவைத்து, சுழலும் கட்டரால் கம்பியின் ஒரு பக்கத்தைச் சீவ வேண்டும். பிறகு கட்டையை ஒரு பக்கம் உருட்டிவைத்து அடுத்ததைச் சீவ வேண்டும். ஆறு பக்கமும் முடிந்தால் உருண்டைக் கம்பிக்கு ஆறு பட்டை வந்துவிடும். கழிவில் கிடந்த எஃகுத் துண்டில் செய்தது. பழைய சூப்பர்வைசரே "எடுத்துக்குங்கப்பா" என்று சொல்லித்தான் எடுத்தார்கள்.

வேலை செய்வதிலும் இரண்டு பேருக்கும் ஒரு பழக்கம். ரத்தினவேல் குனிந்து சீவுவார். ஒரு பக்கம்கூடத் தவறிப்போகாமல் இருக்க, ஆஞ்சப்பன் பின்னால் நின்று எண்ணுவான். ஒந்து... எரடு... மூரு... நால்கு... ஐது... ஆரு. ஆரு சொன்னதும் சுவரில் இருக்கும் சுவிட்சை அவனே அணைப்பான். டக். அந்தச் சத்தம் கேட்டால் போதும், இவர் கட்டர் நின்றதா என்று பார்க்காமலே கையை விட்டுப் பீஸை எடுப்பார். அப்படி ஒரு நம்பிக்கை.

அப்புறம் புது மேனேஜர் வந்தார். கம்பெனி எஃகைத் திருடியது யார் என்று விசாரணை வைத்தார். விசாரணைக்கு முதல் நாள் டீக்கடையில் ஆஞ்சப்பன் இவர் தோளில் கைபோட்டுச் சொன்னான்.

"ரெண்டு பேரும் சேந்தே சொல்லிடலாம் ரத்னா. நான் இருக்கேன் இல்ல."

மறுநாள் மேனேஜர் ரூமில் இவர் முகத்தைப் பார்க்காமல், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார். அவன்தான் எடுத்தான்" என்றான்.

ரத்தினவேல் திருடனாக வெளியே வந்தார். ஆஞ்சப்பன் சூப்பர்வைசர் ஆனான். திருடன் என்று பேர் வாங்கியவனுக்கு ஓசூரில் எந்த கேட் திறக்கும்? கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் ஃபாக்டரிக்குப் போய்க் கூடை தூக்கினார். வேலை போனதைக்கூட அவர் தாங்கிக்கொண்டார். அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்பதுதான் அவரை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. "தப்புதான்னு அவன் வாயால ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ராசாத்தி" என்று பெண்டாட்டியிடம் தினமும் புலம்புவார்.

அந்த வார்த்தையைச் சொல்லாமலே ஆஞ்சப்பன் செத்துப்போனான். சூளகிரி கிட்டே லாரி அடித்தது. ஆர்டர் தேங்கி நின்றது. பழசை மறந்துவிட்டு வா என்று மேனேஜர் ஆள் அனுப்பினார்.

இப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை இவர் தனியாக மெஷின் முன்னால் நின்றார். கரண்ட் இல்லை. வெளியே ஜெனரேட்டர் தடதடவென்று ஓடியது. அதே ஆறு பக்கக் கட்டையை வைஸில் இறுக்கி, கட்டரை ஓடவிட்டார். வாசலில் இருந்து வாட்ச்மேன் ஏதோ கத்தினான், ஒரு எழுத்துக்கூடக் கேட்கவில்லை.

ஆனால் இது கேட்டது. காதுக்குப் பக்கத்தில்... மெதுவாக.

"ஒந்து."

கிராம்பு வாசனை.

நீயும் நானும் என்றால் ஓசூர் பஸ் ஸ்டாண்டில்தான் போய் நின்றிருப்போம். அவர் ஓடவில்லை. கேட்க ஒரு கேள்வி பாக்கி இருந்ததே. கை பாட்டுக்குக் கட்டையை உருட்டியது. எரடு... மூரு... ஆரு வந்ததும், டக். நிமிர்ந்து பார்த்தார். கட்டர் நின்றிருந்தது. சுவிட்ச் பக்கம் யாரும் இல்லை.

"ஏன்டா ஆஞ்சா..." என்றார். "ஏன்டா அப்படிச் சொன்னே?"

மறுபடியும் காதுக்குப் பக்கத்தில்... "ஒந்து."

அடுத்த பீஸை மாட்டினார். அதுவும் சுத்தமாக வந்தது. அதற்கு அடுத்ததும் அப்படியே. அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாயால் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, வேலையில் கூட நின்று மன்னிப்புக் கேட்கிறான் என்று நினைத்துவிட்டார்.

"சரி, விடுடா. நான் மனசுல வெச்சுக்கல" என்றார்.

புதுக் கம்பியை மாட்டினார். ஒந்து... எரடு... மூரு...

"ஐது."

கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவர், நடுவில் நால்கு வராததைக் கவனிக்கவில்லை. சொன்ன பேச்சுக்குக் கை உருட்டியது.

"ஆரு."

டக்.

பார்க்காமலே கையை விட்டார். கட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வாட்ச்மேன் ஓடிவந்து ஜெனரேட்டரை நிறுத்தினான். சுவிட்ச் போட்டபடியே இருந்தது என்று அவன் எல்லாரிடமும் சொன்னான். காலெட்டில் இருந்த கம்பியைக் கழற்றிப் பார்த்தார்கள். ஐந்து பட்டைதான் இருந்தது, ஒரு பக்கம் இன்னும் உருண்டையாகவே இருந்தது. ரத்தினவேலுக்கு வலது கையில் கட்டை விரல் மட்டும் மிச்சம். ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "மன்னிச்சுட்டேன்னு சொன்னேன் ராசாத்தி. அதுக்கப்புறந்தான் செஞ்சான்" என்று இதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

இப்போது அஞ்செட்டியில், ராசாத்தி ஊரில் இருக்கிறார்கள். போன மாசம் சௌந்தரராஜன் அங்கே போய் ஒரு ராத்திரி தங்கினான். நடுவில் விழிப்பு வந்ததாம். சித்தப்பா தூங்கிக்கொண்டே அந்தக் கையை உருட்டுகிறார். தமிழில்தான் எண்ணுகிறார். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." அதோடு நிறுத்திவிட்டார். பக்கத்தில் ராசாத்தி எழுந்து உட்கார்ந்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"எதுக்கு சித்தி காதைப் பொத்தறீங்க?" என்று இவன் கேட்டிருக்கிறான்.

"நீயும் பொத்திக்க, சாமி" என்றாளாம்.

இவன் பொத்தவில்லை. சாத்தின ஜன்னலுக்கு வெளியே இருந்து கிராம்பு வாசனை... அப்புறம், மெதுவாக,

"ஐது."