ஸ்ரீவராகத்து எல்லைத் தகராறு

— ...அப்போ அமெரிக்காக்காரன் என்ன பண்ணணும்னு நீங்க கிளாஸ்லே உக்காந்து தீர்மானம் பண்ணுவேள். அவன் கேப்பானோடி, ஜானவி?

— கேக்க மாட்டான், சிவகாமி மாமி. ஏன் கேக்கலேங்கறதைத்தான் ரெண்டாம் வருஷம் படிக்கறோம்.

— அதுக்கு ஒரு எம்.ஏ.வா? எங்காத்து மாமா நான் சொல்றதை ஏன் கேக்கறதில்லேன்னு நான் எந்தக் காலேஜ்லே போய்ப் படிச்சேன்... செரி, உக்காரு. கிழக்கேகோட்டையிலேர்ந்து நடந்தா வந்தே? மூஞ்சி வாடிக் கிடக்கு.

— இல்லே மாமி, போகணும். வெள்ளிக்கிழமை வைவா. ப்ராஜெக்ட் இன்னும்...

— உங்கம்மா, பொண்ணு அம்பாசடர் ஆகப்போறாள்னு கோவில்லே எல்லார்கிட்டேயும் சொல்லிண்டிருக்கா. எந்த நாட்டைப் பத்தி ப்ராஜெக்ட்?

— ரெண்டு... சின்ன நாடு. பக்கத்துப் பக்கத்துலே இருக்கறது.

— பேரு இல்லையோ அதுகளுக்கு?

— பேரெல்லாம் வெளியிலே சொல்லப்படாது, மாமி. ரிசர்ச்சுக்குன்னு ஒரு மரியாதை உண்டு.

— ஓஹோ. நடுவிலே ஒத்தைச் சுவர், ரெண்டு வாசல்லேயும் கோலம்... அந்த ரெண்டு நாடா?

— ...யார் சொன்னா?

— யார் சொல்லணும்? உங்கம்மா நாகலக்ஷ்மியும் பக்கத்தாத்து மீராவும் சண்டை போடறச்சே எல்லாம் நீ மாடியிலேர்ந்து போனை நீட்டிண்டு நிக்கறே. எதிராத்துலே நான் என்ன, கண்ணை மூடிண்டா இருக்கேன்?

— அம்மாகிட்டே சொல்லிடாதேங்கோ, மாமி. சார்தான் சொன்னார். பெரிய யுத்தத்தைப் பத்தி எல்லாரும் எழுதறா, நீ கண்ணாலே பார்க்கறதை எழுதுன்னு.

— கோலத்தையா?

— கோலத்தையேதான். மீரா ஆன்ட்டி போடற தாமரையோட இதழ் எங்காத்து வாசலுக்கு வந்தா, அது ஆக்கிரமிப்பு. மறுநாள் அது மேலே தண்ணி விழுந்தா, பதிலடி. அதுக்கப்புறம் தூதரகத்தை மூடிட்டா...

— தூதரகமா? நம்ம தெருவிலே எங்கேடி அது?

— கறிவேப்பிலை வாங்கறதுக்குப் போய் வந்துண்டிருந்தோமே, அந்தக் கொல்லைக் கதவு.

— ரொம்ப நன்னாயிருக்கு. நான் உண்டோ அதுலே?

— உண்டு. நீங்க நடுநிலை நாடு.

— பின்னே? ரெண்டாத்துலேர்ந்தும் எனக்கு அடை வரதே... முடிவு என்னன்னு எழுதியிருக்கே?

— 'இரு தரப்புக்கும் இடையே சமாதானம் ஒருக்காலும் சாத்தியமில்லை.' சார் படிச்சுட்டு அடிபொளி, பிரமாதம்னார். எக்ஸாமினர் அன்னிக்கே தெருவையும் நேரே வந்து பார்க்கறேன்னிருக்கார். அவருக்குப் பிடிச்சுப் போச்சுன்னா, டெல்லியிலே ரிசர்ச்சுக்கு சீட் உறுதி... ஏன் மாமி அப்படிப் பார்க்கறேள்?

— ஒண்ணுமில்லே... நீ காலேஜ் போனப்புறம் இங்கே ஒரு விஷயம் நடந்தது.

— என்ன விஷயம்?

— உங்கம்மாவுக்குத் தலை சுத்தி வாசல்லேயே உக்காந்துட்டா. பயப்படாதே, வெயில்தான். இப்போ நன்னாயிருக்கா. மீராதான் மோரை எடுத்துண்டு ஓடி வந்தா. ரெண்டு பேரும் கொஞ்சம் அழுதா... அப்புறம் சிரிச்சுண்டா.

— மோரா? யாரு கேட்டா அவாகிட்டே மோரு?

— அடி, உன்னைப் பெத்தவளாக்கும்.

— அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே? பின்னே? ஆத்துலே தண்ணி இல்லையா குடிக்கறதுக்கு...

— இன்னும் கேளு. நாளைக் காலம்பற ரெண்டு வாசலுக்கும் சேர்த்து ஒரே கோலமாம். கலர் பொடி வாங்க ரெண்டு பேருமா ஒரே ஆட்டோவிலே சாலைக் கடைத்தெருவுக்குப் போயிருக்கா.

— ஒரே ஆட்டோவிலேயா... மாமி, எக்ஸாமினர் வரச்சே இவா ரெண்டு பேரும் தோள்லே கை போட்டுண்டு நின்னா, என் மூணு சாப்டரும் போச்சு. டெல்லி போச்சு.

— சமாதானம் வந்தா நல்லதில்லையோ? அதுக்குத்தானே படிக்கறே?

— வரட்டும் மாமி, நான் வேண்டாங்கலே. தாராளமா வரட்டும். சனிக்கிழமை வரட்டும்.

— பெரிய பெரிய நாடெல்லாம் இப்படித்தான் பேசறதோ?

— இவ்வளவு உடைச்சுப் பேச மாட்டா.

— எனக்கும் இதிலே ஒரு சங்கடம் உண்டு, கேட்டியோ.

— உங்களுக்கென்ன? நீங்கதான் நடுநிலை ஆச்சே.

— அதுதான்டி சங்கடம். உங்கம்மா சொன்னதை மீராகிட்டேயும், மீரா சொன்னதை உங்கம்மாகிட்டேயும்... வெறுதே சொன்னா ருசிக்காதேன்னு கொஞ்சம் உப்பு, காரம் சேர்த்து... இப்போ அவா ரெண்டு பேரும் உக்காந்து பேச ஆரம்பிச்சா, முதல்லே யாரைப் பத்திப் பேசுவா?

— ...மாமி. நாளைக்கு அந்தக் கோலத்துலே கொஞ்சம் தண்ணி விழுந்துட்டா போறும். வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்கும். ஆனா யார் கொட்டறான்னுதான் இன்னிவரைக்கும் எனக்குப் பிடிபடலே. அம்மா நான் இல்லேங்கறா, ஆன்ட்டியும் நான் இல்லேங்கறா. மூணாம் சாப்டர்லே 'அடையாளம் தெரியாத சக்தி'ன்னு எழுதி வச்சிருக்கேன்.

— அப்படியே இருக்கட்டும், பேரைப் போட்டுடாதே. எந்தப் பக்கத்துலேர்ந்து ஊத்தட்டும்னு மட்டும் சொல்லு... ரெண்டாத்துக்கும் சேர்த்து ஒரே கோலம்னா எனக்கும் இதுதான்டி முதல் தடவை.