காத்து நல்லா இருக்கிற தெரு

— துணி காயப்போட வேற இடமே கிடைக்கலையாக்கா உங்களுக்கு?

— எங்க வீட்டு மாடி, எங்க தலகாணி உறை. அது எங்க காஞ்சா உங்களுக்கு என்ன தம்பி?

— காயலையே. பிழிஞ்சா தண்ணி சொட்டுது. அதுவும் பெட்டியோட வாயை மூடி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருக்கு.

— பறந்துடக் கூடாதேன்னு கட்டினேன்.

— அந்தக் கொடியில கிடக்குற துணிக்கெல்லாம் ஒரு கிளிப்பு கூட இல்ல. அதெல்லாம் பறக்காதா?

— மாசத்துல முதல் வாரம்தானே வருவீங்க? இன்னைக்கு என்ன திடுதிப்புனு?

— பேச்சை மாத்தாதீங்க. அதாவதுக்கா, இது என்ன பெட்டின்னு உங்களுக்குத் தெரியுமா?

— தெரியாம என்ன? காத்துல எவ்வளவு புகை, எவ்வளவு தூசின்னு அளக்குறது. மாட்டும்போது நீங்கதானே அரை மணி நேரம் பாடம் நடத்துனீங்க.

— அப்ப தெரிஞ்சேதான் வாயை மூடியிருக்கீங்க.

— பாரு, நானே வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன்.

— எத்தனை நாளா நடக்குது இது?

— மெதுவாப் பேசுங்க. கீழ எங்க வீட்டுக்காரர் தூங்குறாரு. நைட் ஷிப்ட் முடிச்சு இப்பத்தான் தலையைச் சாய்ச்சாரு.

— உருக்காலையிலயா வேலை?

— இந்தப் பக்கம் வேற எங்க வேலை இருக்கு? பழைய இரும்பை உருக்குற உலை முன்னாடி நிக்கிறாரு.

— அந்த ஆலைச் சிம்னிதான் உங்க தலைக்கு மேலயே புகையைக் கக்குது. இந்தச் சட்டை காலரைப் பாருங்க, தொட்டா விரல்ல கரி ஒட்டுது. ஆனா என் பெட்டி என்ன சொல்லுது தெரியுமா? மலைக் காத்துங்குது.

— சொல்லிட்டுப் போகட்டுமே. எங்க தெருவைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்ல இதுக்காவது மனசு வந்துச்சே.

— விளையாடாதீங்கக்கா.

— நானா விளையாடுறேன்? ரயில் பாதைக்கு அந்தப் பக்கமும் ஒரு உருக்காலை இருந்துச்சு. அங்கயும் இதே மாதிரி ஒரு பெட்டி மாட்டுனாங்க. நம்பர் ஏறுச்சு, பேப்பர்ல வந்துச்சு, ஆலையை மூடிட்டாங்க. புகை போச்சு, கூடவே சோறும் போச்சு. என் கூடப்பொறந்தவன் அங்கதான் இருந்தான். இன்னைக்குத் தெருமுனையில நிக்கிறான், யாராவது கூலிக்குக் கூப்பிட மாட்டாங்களான்னு. வர்றவன் இவன் இருமுறதைப் பாத்துட்டு அடுத்த ஆளைக் கூட்டிட்டுப் போயிடுறான்.

— முதலாளி என்ன ஆனாரு?

— அவருக்கென்ன, ராஜா. வேற ஊர்ல உலை போட்டுட்டாரு. வீடு மட்டும் இங்க மேட்டுத் தெருவுல.

— மூடணும்னு யாருக்கும் ஆசை இல்லக்கா. அதாவது, சிம்னிக்கு வடிகட்டி போடுங்கன்னுதான் சொல்வாங்க.

— போடுவாரா? வடிகட்டி வாங்குற செலவுக்குப் பூட்டு மலிவு தம்பி.

— சரி, உங்க வீட்டுக்காரர் நெஞ்சு என்ன ஆகும்? அதை நெனச்சுப் பாத்தீங்களா?

— எனக்கு மட்டும் காது இல்லையா? அவர் இருமும்போதெல்லாம் அந்தச் சத்தம் காதுல விழக் கூடாதுன்னு வேணும்னே பாத்திரத்தைப் போட்டு உருட்டுவேன். ஆனா இருமிக்கிட்டே ஒருத்தன் வேலைக்குப் போகலாம். வேலையும் இல்லாம இருமினா, திரும்பிப் பாக்க நாதி கிடையாது.

— நெஞ்சு டாக்டரோட வேன் ஒண்ணு இந்தத் தெருவுக்கு வந்துக்கிட்டு இருந்துச்சே. இப்ப வருதா?

— எங்க வருது? அதுவும் நின்னு போச்சு. கேட்டா மேலிடத்து உத்தரவாம்.

— மேலிடம் இல்லக்கா, இந்தப் பெட்டிதான். எங்க காத்து மோசமோ அங்கதான் வேன் போகும். உங்க தெரு பிரமாதமா இருக்குன்னு அதை மேட்டுத் தெருவுக்குத் திருப்பிட்டாங்க.

— மேட்டுத் தெருவுக்கா? அங்க ஒருத்தர் தும்மினா ரெண்டு டாக்டர் ஓடி வருவாங்களே!

— என்ன பண்றது? நம்பர்ல அவங்களை விட நீங்க நல்லா இருக்கீங்க.

— அடக் கடவுளே. என் கையாலயே என் கண்ணைக் குத்திக்கிட்டேனா?

— இப்பவாவது அவிழ்க்கலாமா?

— கையை எடுங்க! கயித்தைத் தொடாதீங்க!

— அக்கா...

— வேன் வரலைன்னா மருந்தைக் கடையில வாங்கிக்குவேன். வேலை போச்சுன்னா அதை எந்தக் கடையில வாங்குறது?

— நான் ஆபீஸ்ல சொல்லியே ஆகணும்.

— தாராளமா சொல்லுங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்குறேன். ஆபீஸ் அனுப்பித்தான் வந்தீங்களா? வண்டியைக் காணோம். கழுத்துல தொங்குற அட்டையைக் காணோம். சட்டை வேற கசங்கிக் கிடக்கு.

— ஆபீஸ் அனுப்பல.

— நெனச்சேன். சரி, சுத்தி வளைக்காம சொல்லுங்க. என்ன எதிர்பாக்குறீங்க?

— என்னது?

— ஒண்ணும் தெரியாத மாதிரி முழிக்காதீங்க. தப்பைக் கண்டுபிடிச்சவன் தனியா வந்து கதவைத் தட்டினா எதுக்குன்னு எனக்குத் தெரியும். வீட்ல பெருசா ஒண்ணும் இல்ல. காதுல கிடக்குறது ஒண்ணுதான். கழட்டவா?

— ஐயோ, கழட்டாதீங்க! கையை இறக்குங்கக்கா!

— அப்ப வேற என்னதான் வேணும் உங்களுக்கு? என் தலகாணி உறையால உங்களுக்கு என்ன குடி முழுகிப் போச்சு? சாயங்காலம் ஆனா நல்ல காத்து வீசுற பக்கம் போய்க் காலை நீட்டிப் படுக்கப் போறீங்க.

— நல்ல காத்து வீசுற பக்கம் வாடகை என்னன்னு தெரியுமா? பெட்டி துடைக்கிறவன் சம்பளத்துல அங்க ஒரு படிக்கட்டு கூடக் கிடைக்காது. என் பொண்ணுக்கு மூச்சு இழுப்புக்கா. காத்து சுத்தமா இருக்கிற இடமாப் பாத்து வீட்டை மாத்துங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஊர்ல நான் மாட்டின பெட்டி அத்தனையும் பாத்தேன். வாடகையும் கம்மி, காத்தும் சுத்தம்னு ஒரே ஒரு தெருதான் இருந்துச்சு.

— எந்தத் தெரு தம்பி?

— கரி கண்ணுல படத்தான் செஞ்சுது. என் கண்ணை விட்டுட்டு என் பெட்டியை நம்பினேன். நேத்து ராத்திரி அவ உதடு நீலம் பாஞ்சு போச்சு, ஆஸ்பத்திரியில படுக்க வெச்சுட்டு நேரா இங்கதான் வரேன்.

— கேக்குறேன்ல, எந்தத் தெருன்னு?

— இதே தெருதான்க்கா, கடைசி வீடு. இப்பத்தான் குடி வந்தோம். நல்ல காத்து உள்ள வரட்டும்னு தினமும் ராத்திரி அவ தலைமாட்டு சன்னலை நானே தொறந்து வெச்சேன்.