கழுவிய கண்ணாடி

"ரசத்துல மிளகு கொஞ்சம் தூக்கலா இருந்தாத்தான் அவனுக்கு–"

"ரசத்த விடுங்க அத்தை. போன்ல நான் கேட்டப்ப சுத்தம்னு–"

"–எறங்கும். ரெண்டு கிண்ணம் குடிச்சான்மா."

"சுத்தம்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்."

டாக்டர் மஜீதா, என் மருமகள் குமுதவல்லி நேற்று உங்கள் அறையில் இப்படிக் கத்தியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புருஷனைப் பறிகொடுத்தவள். நானும் பெற்ற மகனைத்தான் பறிகொடுத்திருக்கிறேன். அவள் இல்லாதபோது கேட்கிறீர்கள், ஒழுங்காகச் சொல்கிறேன்.

கல்யாணமானதும் என் பிள்ளை சசிதரன் பகாவ் பக்கம் போய்விட்டான். காட்டோரச் செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் வேலை. இங்கே கோலா சாவாவுக்கு, என் வீட்டுக்கு, தீபாவளிக்குத்தான் வருவான். குமுதவல்லி மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தால் கிளம்பிவிடுவான். அந்தச் செவ்வாய்க்கிழமை காய்ச்சலோடு தனியாக வந்தான். "நீயே ரத்தம் பாரும்மா, எனக்கு அது போதும்" என்றான்.

நம் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனையெல்லாம் நான்தானே பார்ப்பது. விரலில் குத்தி, ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் ஊற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். தேட வேண்டியிருக்கவில்லை. சிவப்பணுக்களுக்குள் ஊதா வளையங்கள். சில குறுக்கே பட்டை கட்டினாற்போல. குரங்கிடமிருந்து கொசு கொண்டுவருகிற மலேரியா. ஒரே நாளில் பல மடங்காகும். உங்களிடம் சொல்லியிருந்தால் உடனே சிரம்பான் ஆஸ்பத்திரி. மருந்து உண்டு, பிழைத்திருப்பான். ஆனால் கட்டில் பக்கத்தில் அவள்தான் உட்கார்ந்திருப்பாள். அங்கிருந்தே பகாவுக்குக் கூட்டிப்போயிருப்பாள்.

கண்ணாடியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பிறகுதான் உங்களிடம் வந்தேன். கிருமி இல்லையென்றால் "சுத்தம்" என்பது நம் வழக்கம். நான் சொல்லும்போது கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. என்னை நம்பிக் காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பினீர்கள். உங்கள்மேல் குற்றமில்லை.

மறுநாள் திரும்பவும் குத்தினேன். வளையங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. திரும்பவும் கழுவினேன். இன்னும் ஒரே ஒரு நாள் வைத்திருந்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன்.

என் மடியில்தான் தலை வைத்துப் படுத்திருந்தான். சின்னப் பிள்ளையில் அப்படிப் படுத்ததோடு சரி.

"அம்மா, நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்யா. நீ கண்ண மூடு."

மத்தியானம் "குமுதா, குமுதா" என்று பினாத்தினான். காய்ச்சல் வேகத்தில் நாக்குக் குழறும், டாக்டர். அம்மா என்பதுதான் அப்படி வருகிறதென்று எனக்குத் தெரியும். "இருக்கேன்யா" என்றேன். கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அதற்கப்புறம் அவன் பேசவில்லை. மறுநாள் காலை எழுப்பினேன், எழவில்லை. ஆம்புலன்ஸ் சிரம்பானுக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அங்கே எடுத்த ரத்தத்தில் கிருமி தெரிந்துதான் நேற்றைய சண்டை.

ஆமாம், தெரிந்தே செய்தேன். மூன்று நாள் என் பிள்ளை என்னோடு இருந்தான். அதற்குத்தான்.

நேற்று நீங்கள் குமுதவல்லியை வெளியே கூட்டிப்போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சத்தமெல்லாம் அடங்கியிருந்தது.

"அத்தை, கடைசியா என்னைக் கேட்டாரா? அத மட்டும் சொல்லுங்க."

நான் எழுந்து போய் அவள் முந்தானையைச் சரிசெய்துவிட்டுச் சொன்னேன்:

"உன் பேரு ஒரு தடவகூட வரலம்மா. என்னையத்தான் கூப்பிட்டுக்கிட்டே இருந்தான்."