மேட்டுக்காட்டு எரு

"உன் காடு மேட்டுல இருக்குதுக்கா. அங்க பட்டி போட்டா…"

"இந்த வாரம் முறை என்னுது, பெருமாயி."

"…போட்டா, மழை பேஞ்சதும் வழிஞ்சு என் காட்டுக்குத்தான வருது. அதுக்கு நேரா இங்கயே…"

"முறை என்னுதுங்கறேன்."

"மாடு வெச்சிருக்கறவங்களுக்குத்தான் முறை. உன் கட்டுத்தறியில ஒத்தைக் கொம்பு இருக்குதா? வாயில முறை பேசுனா சாணி விழுமா?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெருமாயி நன்றாகப் பேசுவாள். என் வீட்டுக்காரருடைய தம்பி பெண்டாட்டி. அவள் எது பேசினாலும் முதலில் சிரிக்கிறவள் நான்தான்.

டாக்டரம்மா, நீங்கள் கேட்டது சின்னக் கேள்வி. கீழே இருக்கிற காடெல்லாம் வெளுத்துக் கிடக்க, என் காட்டுச் சாமை மட்டும் இப்படி நிற்கிறதே, என்ன போட்டீங்க என்று கேட்டீர்கள். மாட்டெரு என்றேன். உங்ககிட்ட மாடே இல்லையே என்றீர்கள். பிறகு, அந்தக் கடைசியில் குனிந்து களை எடுக்கிறானே சின்னக்கண்ணு, அவனைப் பார்த்துவிட்டு, "பாவம், இவரோட அஜாக்கிரதையில ஊரு மாடே போச்சே" என்றும் சொன்னீர்கள். அந்த ஒரு சொல்லை என்னால் விட முடியவில்லை. அஜாக்கிரதை என்றால் ரெண்டு மாடாவது மிஞ்சியிருக்கும். ஊர் மாடு பதினொன்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அப்படி நடக்கவேண்டுமென்றால் ஒருத்தர் யோசித்துச் செய்திருக்கவேண்டும்.

இந்தப் பாறையில் உட்காருங்கள், சுடாது.

எருவுக்கு அவசரம் ஆகாது. பச்சைச் சாணியைப் பயிரின் தூரில் வைத்தால் அதன் சூட்டிலேயே வேர் வெந்துவிடும். குழியில் போட்டு, மழைத்தண்ணீர் இறங்காமல் தழை மூடி, பொறுக்கவேண்டும். கையை உள்ளே விட்டால் சூடு தெரியக்கூடாது. மூக்குக்கிட்டே கொண்டுபோனால் மண் வாசம் மட்டும்தான் வரவேண்டும். காட்டில் கொட்டினால் அன்றைக்கே கலைத்து உழுது மூடிவிடவேண்டும். குவியல் குவியலாக வெயிலில் காயவிட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று போகிறவர்கள் வெறும் சக்கையைத்தான் உழுகிறார்கள். வீட்டுப் பக்கம் மிளகுக்கொடிக்கு என்றால் தூரை விட்டுத் தள்ளி வட்டமாகப் பறித்து, மண் நனைந்த பிறகு வைக்கவேண்டும்.

பட்டிக்கு இத்தனை பொறுமை தேவையில்லை. அறுப்பு முடிந்து கோடை மழைக்கு முன்னால், ஊர் மாடுகளையெல்லாம் ஒன்றாக ஓட்டி வந்து, ஒருத்தர் காட்டில் மூங்கில் படல் கட்டி அடைப்போம். அங்கேயே படுக்கும். சாணியும் விழும், மூத்திரமும் இறங்கும். மூத்திரம்தான் முக்கியம், அதை யாரும் கூடையில் அள்ளிக்கொண்டு வர முடியாது. மறுநாள் படலைப் பிடுங்கி நாலடி தள்ளி நடுவோம். ஒரு காடு முடிந்ததும் அடுத்த காடு. எங்கள் ஊர் ஆறு வீடு. ஆறு காட்டுக்கும் முறை. யாருக்கு எத்தனை மாடு என்று ஒருநாளும் யாரும் கேட்டதில்லை. முறை காட்டுக்குத்தான், மாட்டுக்கு இல்லை.

என் வீட்டுக்காரர் படுத்தபோது மாடுகளை விற்றேன். மூன்றைப் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு ஓட்டினோம். செவலையை மட்டும் பெருமாயி கேட்டாள். "வெளிய போறதுக்கு நம்ம ஊட்டுலயே இருக்கட்டுங்க்கா" என்றாள். கொடுத்தேன். அவரும் போய்ச் சேர்ந்தார். அந்தக் கோடையில் பட்டி என் காட்டுக்கு வரவில்லை. "துக்க ஊடு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார்கள். சரி. அடுத்த வருஷம் மழை முந்திக்கொண்டது என்றார்கள். அதுவும் சரி. மூன்றாம் வருஷம்தான் நான் முதலில் சொன்ன சண்டை.

விவசாய ஆபீஸில் உரமூட்டை கொடுத்தார்களே, அதைப் போடவில்லையா என்று கேட்பீர்கள். போட்டேன். முதல் வருஷம் பயிர் எழுந்தது, மண் எழவில்லை. அடுத்த வருஷம் பயிரும் எழவில்லை. மேட்டுக்காட்டு மண் செம்மண் பொடி. அதைப் பிடித்து நிறுத்த சாணிப்பசை வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு மழைக்கும் என் காடு கொஞ்சம் கொஞ்சமாகப் பெருமாயி காட்டுக்கு இறங்கிப் போகும். நான் வீட்டு வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். சிவப்பாகப் போகும்.

சண்டையை நான் வளர்க்கவில்லை. "சரி பெருமாயி, உன் காட்டுலயே போடு" என்றேன்.

"கோவமாக்கா?"

"கோவம் என்ன. நீ சொல்றதும் ஞாயந்தான்."

"அடுத்த வருசம் உனக்குத்தான் மொதல்ல. சத்தியமா."

அடுத்த வருஷம் என்று ஒன்று வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்போதுதான் தோன்றியது. கோபத்தில் தோன்றியது இல்லை. சொல்லப்போனால் அன்றைக்கு மனசு மிகவும் லேசாக இருந்தது.

மரவள்ளித் தழை மாட்டுக்கு ஆகாது என்று இந்த மலையில் பேசத் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். அதிலும் காட்டுப்பன்றி நுழையாமலிருக்க வேலியோரம் நடுகிற கசப்பு வகை. அதிலும் வெட்டிய குச்சியில் புதிதாகத் துளிர்க்கிற கொழுந்து. காயவைத்துப் போட்டால் தின்னும், பச்சையில் வயிறு நிறையத் தின்றால் பிழைக்காது. என் தோட்டத்தில் அது நிறைய இருந்தது. மாடுகள் மேய்ச்சலில் இருக்கும்போதே அறுத்துச் சுமந்துபோய், பெருமாயி காட்டில் கட்டியிருந்த பட்டிக்குள் பரப்பினேன். வழியில் ஒருத்தரும் என்னை ஏன் என்று கேட்கவில்லை. தழை சுமக்கிற பொம்பளையை யார் கேட்கப்போகிறார்கள்.

சின்னக்கண்ணுதான் அப்போது ஊர் மாடு மேய்க்கிறவன். பொழுது சாய ஓட்டிக்கொண்டு வந்தான். அடைத்தான், படலைக் கட்டினான், ஓடையில் கைகால் கழுவப் போனான். அவனுக்குக் கிட்டப்பார்வை மட்டுந்தான். உள்ளே கிடந்த தழையை அவன் புல் என்று நினைத்திருப்பான். கோடையில் காய்ந்த மேய்ச்சல், எல்லாம் பசியோடு வந்திருந்தன. செவலை மட்டும் தின்னாமல் நேரே படலுக்கு வந்து தலையை நீட்டியது. என் வாசம் அதற்குத் தெரியும். கையை நக்கியது. அது வேறு யார் கொடுத்தாலும் முகர்ந்து முகர்ந்துதான் தின்னும். அதனால் நானே கையில் எடுத்துக் கொடுத்தேன். தின்றது.

பிறகு, பெருமாயி காட்டு வேலியோர மரவள்ளிப் பக்கமிருந்த ஒரு படலின் கட்டை அவிழ்த்துச் சாய்த்துவைத்தேன். மாடு தானாகவே முட்டிக்கொண்டு போய்த் தின்றது என்று இருக்கட்டும், யார் மேலும் பழி வரவேண்டாம் என்றுதான். படலைக் கட்டுகிற வேலை சின்னக்கண்ணுவுடையது என்பது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். அதை யோசிக்கவே இல்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினேன். களி கிண்டி முடிப்பதற்குள் கீழே சத்தம் கேட்டது.

மறுநாள் நீங்கள் செம்மேட்டு மாட்டாஸ்பத்திரியிலிருந்து வந்தீர்கள். ஒன்றின் வயிற்றைக் கிழித்துப் பார்த்து, மரவள்ளித் தழை என்றீர்கள். சாய்ந்திருந்த படலைப் பார்த்தீர்கள். எல்லாரும் சின்னக்கண்ணுவைப் பார்த்தார்கள். நீங்கள் ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்கச் சொன்னீர்கள், ஓடைக்கிட்டே கூடாது என்றும் சொன்னீர்கள். கீழ்க்காடெல்லாம் ஓடையோரம். மிச்சப் பேர், எங்க காட்டுல செத்த மாடா என்று பின்வாங்கினார்கள். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"என் காட்டுல போடுங்க."

பெருமாயி என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நான் அத்தனை பேசியும் உனக்கு எம்மாம் மனசுக்கா" என்று அழுதாள். அழட்டும் என்று விட்டேன். ஊரே குழி வெட்டியது. அதிகமாக வெட்டியது சின்னக்கண்ணுதான். யாரும் சொல்லாமலே வெட்டினான். உப்பும் சுண்ணாம்பும் போட்டு மூடினோம்.

செத்த உடம்பு உடனே எருவாகாது, டாக்டரம்மா. மேலே விதைத்தால் அந்த வருஷம் வெறும் மஞ்சள்தான். ரெண்டு மழைக்காலம் தொடாமல் விட்டேன். ஆழத்தில் கிடப்பதால் எந்த மழையும் அதைக் கீழே இழுத்துக்கொண்டு போகவில்லை. இந்த வருஷம்தான் சாமை போட்டேன். நீங்களே பார்க்கிறீர்கள்.

கீழ்க்காடுகள் ஏன் வெளுத்தன என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். ஆறு வீட்டிலும் பட்டி போட மாடில்லை. பெருமாயி மிளகு பறிக்கக் கூலிக்குப் போகிறாள். போகிறபோது என் வேலியோரம் நின்று ரெண்டு வார்த்தை பேசுவாள். முன்னே மாதிரி நக்கல் வராது அவளுக்கு. நான்தான் ஏதாவது சொல்லிச் சிரிக்கவைப்பேன்.

அந்த மாடுகள் என்ன பாவம் செய்தன என்று கேட்காதீர்கள். அவற்றின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் மண் என்ன பாவம் செய்தது? மூன்று வருஷம் அது வாயைத் திறந்து கேட்கவில்லை. நான் கேட்டேன், சிரித்தார்கள். என் முறையை நான் எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான். ஒரேயடியாக எடுத்துக்கொண்டேன்.

சின்னக்கண்ணுவைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதற்குப் பிறகு அவனை யாரும் ஒரு கன்றுக்குட்டிப் பக்கம்கூட விடவில்லை. வாசல் வாசலாகப் போய் நின்றான். எங்கேயும் தண்ணீர்கூட வரவில்லை. கடைசியில் என் வாசலுக்கு வந்தான்.

"படலைக் கட்டுனேன்னுதானுங்க நெனப்பிருக்குது அக்கா. ஆனா எல்லாரும் கட்டலைங்கறாங்க."

"கட்டியிருக்க மாட்ட, சாமி. வயசாவுதுல்ல."

"அப்படியுங்களா."

"அப்படித்தான் இருக்கும். போவுது விடு. கொட்டாயில படுத்துக்க. காட்டுல வேலை இருக்குது."

அன்றிலிருந்து இங்கேதான் இருக்கிறான். கூலி கேட்பதில்லை, கொடுத்தாலும் வாங்க மாட்டான். "நான் செஞ்சதுக்கு நீங்க சோறு போடறதே பெருசுங்க" என்பான். நான் சோறு போடுகிறேன். எல்லாரும் துரத்தினவனை நான் வைத்திருக்கிறேன் என்று ஊரில் அதற்கும் எனக்கு நல்ல பெயர்தான். உண்மையைச் சொன்னால், அவனுக்கு என்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? இந்த மலையில் அவனிடம் முகம் கொடுத்துப் பேசுகிறவள் நான் ஒருத்திதான்.

பாறையை விட்டு எழுந்துவிட்டீர்கள். தண்ணீர் குடியுங்கள்.

"அவர்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுங்களா?"

கேட்டுவிட்டீர்கள். கேட்பீர்கள் என்று தெரியும். உங்கள் ஊர்ப்பக்கம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று வைத்திருப்பீர்கள் போலிருக்கிறது. சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. போலீஸைக் கூப்பிட்டாலும் சரி, ஊரைக் கூட்டினாலும் சரி, பெருமாயியை முதலில் கூப்பிடுங்கள். அவள் முகத்தைப் பார்த்தே இதையெல்லாம் திரும்பச் சொல்வேன், ஒரு வார்த்தை குறையாது. ஆனால் சின்னக்கண்ணு விஷயத்தில் நீங்கள் நினைக்கிற மாதிரி எதுவும் நடக்காது. அவன் எங்கேயும் போகமாட்டான். என் கையால் தின்றவன். நான் அவனை எப்படி வைத்திருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். பிறகு வந்து உட்காருவான்.

நானே கூப்பிடுகிறேன், இருங்கள்.

அதோ, நிமிர்ந்துவிட்டான். களைக்கொத்தை அங்கேயே வைத்துவிட்டு வருகிறான். பயிரை மிதித்துவிடாமல் ஓரமாகச் சுற்றிக்கொண்டு வருகிறான், பாருங்கள். உங்களைக் கண்டதும் துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு கும்பிடுகிறான். மாட்டு டாக்டர் என்றால் இப்போதும் அவனுக்குத் தலை நிமிராது.

"சின்னக்கண்ணு, டாக்டரம்மா உங்கிட்ட என்னமோ சொல்லணுங்குது. நின்னு கேட்டுட்டு வா, சாமி. களி ஆறிப்போவும்."