கொடியில் ஒரு பேன்ட்டு

…இன்னிக்கும் காயப் போட்டுட்டா பாருங்க பாஸ்டர்! அசையாதீங்க, அசையாதீங்க, சவரக் கத்தி கையில இருக்கு. கண்ண மட்டும் திருப்புங்க. தெருவுக்கு அந்தப் பக்கம், மஞ்ச வீடு, கொடியில… தெரியுதா? ஆம்பள பேன்ட்டு! என் கூடப் பொறந்த அக்கா வெர்சி வீடு அது. அத்தான் போய்ச் சேந்து பதினாலு வருஷமாச்சு. தனியா இருக்குற பொம்பள. அப்புறம் யாரு பேன்ட்டுங்கிறீங்களா? அத்தானோடதுதான். பெட்டியில கிடந்தத எடுத்து, தினம் காலையில நனைச்சு, என் கடை ஜன்னலுக்கு நேரா மாட்டுறா. இருபத்தி ரெண்டு நாளா! மழை பேஞ்ச அன்னிக்கும் மாட்டுனா. மழையில துணி காயப் போடுற ஒரே பொம்பள இந்த ஒக்லஹோமாவுலயே எங்கக்காதான்.

எல்லாம் அந்தப் பாழாப்போன படத்தால.

நீங்க ஊருக்கு வந்து ரெண்டு மாசம். உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, பாவம். நோட்டீஸ் அடிச்சு சர்ச் வாசல்ல ஒட்டிட்டீங்க. “இன்று மாலை ஆறு மணிக்கு நம் ஊரின் கதை, திரைப்படமாக! முடிவில் மாவீரர் அப்சலோமின் கொள்ளுப்பேரன் சகோதரர் லெமுவேல் இரண்டு வார்த்தை பேசுவார்.” என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா? …கேட்டீங்களா? …ஆமா, கேட்டீங்க. நானும் சரின்னேன். அத விடுங்க. கன்னத்த உப்புங்க.

படத்தப் பத்திச் சொல்றேன். மொத மொதல்ல என்ன காட்டுறான் தெரியுமா? மலை! உச்சியில பனி வேற! ஊர் பேரு கில்போவா, அது வேதத்துல ஒரு மலையாச்சே, அப்ப மலை இருக்கும்னு முடிவு பண்ணிட்டான் போல. இங்க வாசல்ல நின்னு பாருங்க. நாளைக்கு வரப்போற ஆள் இன்னிக்கே தெரிவான், அவ்வளவு தட்டையான ஊரு. அப்புறம் தொப்பி. படம் முழுக்க ஒருத்தன் தலையிலேருந்தும் தொப்பி பறக்கல பாஸ்டர்! எங்க காத்துல? ஆணி அடிச்சு மாட்டியிருப்பாங்க. சட்ட எல்லாம் தும்பப்பூ வெள்ள. மிசிசிப்பியில பருத்திக் காட்ட விட்டுட்டு நம்ம கறுப்பு ஜனங்க நாப்பது நாள் வண்டியில வந்து எறங்குறாங்க, ஒரு சட்டையிலயாவது செம்மண் பட்டிருக்கணுமே? பட்டா சலவைக் கூலி யாரு குடுக்கிறதுன்னு விட்டுட்டாங்க.

எங்க கொள்ளுத்தாத்தா அப்சலோமுக்கு வெள்ளக் குதிரை. ஹும்! அவரு வந்தது கோவேறு கழுதையில. அதுவும் ஒத்தக் கண்ணு கழுதை, இடது பக்கமாவே நடக்குமாம். சாப்பாட்டுக்கு என்ன காட்டுறான்? முழங்கை நீளத்துக்கு மாட்டுக்கறி! மொத ரெண்டு வருஷம் முள்ளங்கி மாதிரி ஒரு கிழங்கத் தவிர அவங்க பல்லுல ஒண்ணும் பட்டதில்ல. அந்தக் கிழங்கு பேர எடுத்தாலே எங்கப்பா எந்திரிச்சுப் போயிருவாரு.

இதுல கூத்து என்னன்னா, துப்பாக்கி! ரெண்டு கையிலயும் ரெண்டு! ஓடைக்கரையில நெலத்தப் புடுங்க வந்த ஆறு பேர, ஆறே குண்டுல, குதிரையிலேருந்து எறங்காமயே… டுமீல் டுமீல்னு… எங்க தாத்தாவா? கோழி அறுக்கும்போதே அந்தப் பக்கம் திரும்பி நிப்பாராம் மனுஷன்!

சிரிக்காதீங்க, வெட்டுப் பட்டுரும்.

ஆனா உண்மையச் சொல்லணும்ல. சின்ன வயசுல நான் எத்தன கௌபாய் படம் பாத்திருப்பேன்! நூறு பாத்திருந்தா, நம்ம நெறத்துல ஒருத்தன் ஒரு படத்துல வருவான். அவனும் குதிரையப் புடிச்சுட்டு நிப்பான். அதனால இந்தப் படத்துல நம்ம ஆளு குதிரை மேல ஏறுனதும் எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு பாஸ்டர். பொய்னு தெரியும். இருந்தாலும் வந்துச்சு. கைக்குட்டைய எடுத்துத் தொடச்சுட்டுத் திரும்பிப் பாக்குறேன், பக்கத்து சீட்டு காலி. டல்சாவுல பெரிய தியேட்டருங்க அது, எங்க ரெண்டு பேரையும் கார் வச்சுக் கூட்டிட்டுப் போயிருந்தாங்க. வெர்சி வெளிய கார்கிட்ட தொப்பியோட நிக்கிறா. தொண்ணூறு மைல்! ஒரு வார்த்த பேசல. மறுநாள் காலையில கதவத் திறக்குறேன், கொடியில பேன்ட்டு.

ஞாயித்துக்கிழமைச் சாப்பாடும் நின்னுபோச்சு. அம்பது வருஷமா சர்ச் முடிஞ்சு அவ வீட்டுலதான் சாப்பாடு. கதவத் தட்டுறேன், உள்ள பாட்டு கேக்குது, கதவு தொறக்கல. எனக்கு எழுவத்தியொண்ணு, அவளுக்கு எழுவத்தாறு. இனி எத்தன ஞாயித்துக்கிழம மிச்சம்னு ரெண்டு பேருக்கும் தெரியாதா என்ன?

பேன்ட்டு எதுக்குன்னு கேக்குறீங்க, கண்ணுலயே கேக்குறீங்க. சொல்றேன். தலைய நிமித்துங்க.

அப்பல்லாம் நெலம் சும்மா குடுத்தாங்க. நூத்தி அறுபது ஏக்கர். ஆனா அதுலயே குடியிருக்கணும். ஆறு மாசம் ஆளில்லாமக் கிடந்துச்சுன்னா எவன் வேணா வந்து உக்காந்துக்கலாம். குடியிருந்தா மட்டும் வயிறு நெறையுமா? தாத்தா ரயில் பாதை போடுற வேலைக்குப் போயிட்டாரு. பதினோரு மாசம். நெலத்துல இருந்தது யாரு? கொள்ளுப்பாட்டி கெசையா. மண்ணத் தோண்டி, மேல புல்லு வேரோட வெட்டுன மண்ணுக்கட்டியப் பரப்பி, அந்தக் குழிக்குள்ள ரெண்டு புள்ளைங்களோட. மழை வந்தா கூரையிலேருந்து சேறு, வெயில் வந்தா பாம்பு. ஆம்பள இல்லாத எடம்னு தெரிஞ்சா அடிச்சு வெரட்டிருவாங்க. குதிரைக்காரனுங்க மேட்டுப் பாதையில நின்னு நோட்டம் பாப்பானுங்களாம். அந்தம்மா என்ன பண்ணுச்சு? புருஷன் விட்டுட்டுப் போன ஒரே ஒரு பழைய பேன்ட்ட தினம் காலையில நனைச்சுக் கொடியில போட்டுச்சு. ஒரு நாள் சட்டையோட, ஒரு நாள் தனியா, ஒரு நாள் முட்டியில புதுசா ஒட்டுப் போட்டு. குதிரைக்காரனுங்க பாத்துட்டு, வீட்டுல ஆம்பள இருக்கான்டான்னு போயிருவானுங்க. பதினோரு மாசம் பாஸ்டர்! நூத்தி அறுபது ஏக்கரக் காப்பாத்துனது துப்பாக்கி இல்ல, ஒரு ஈரப் பேன்ட்டு!

படத்துல அந்தம்மா எங்க? ரெண்டு நிமிஷம் வருது. ரொட்டி சுட்டு நீட்டுது. அவ்வளவுதான்! அந்தக் கதாசிரியன் முட்டாப்பய, மூளையில்லாத பய, எவன் அவனுக்கு இந்தக் கதையச் சொன்னான்னு…

…

என்ன அப்படிப் பாக்குறீங்க?

நான்தான்.

இதே நாற்காலியில, இதே துணியப் போத்திக்கிட்டுத்தான் உக்காந்திருந்தான். நீங்க இன்னும் பாத்திருக்க மாட்டீங்க, வருஷா வருஷம் ஊர் தொடங்குன நாள்ல வண்டி ஊர்வலம் போகும். ஒவ்வொரு வீடும் தன் முன்னோர் கதைய வண்டி மேல நின்னு சொல்லணும். யாரு கதைக்கு கைதட்டல் ஜாஸ்தியோ, மறுவருஷம் அவங்க வண்டி முன்னால போகும். என்னோட மொத வருஷம், தாத்தா ஒரு ஓநாயச் சுட்டாருன்னு சொன்னேன். நல்ல கைதட்டல். அடுத்த வருஷம் ஓநாய் ஒரு திருடனாச்சு. அப்புறம் மூணு. கடைசியில ஆறு. முப்பத்தஞ்சு வருஷமா எங்க வண்டிதான் மொத வண்டி. பேன்ட்டு கதையச் சொன்னா எவன் கைதட்டுவான்? அதையேதான் அந்தக் கதாசிரியன்கிட்டயும் சொன்னேன். எழுதிக்கிட்டே கேட்டான், “அவரு சம்சாரம்?” நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அதுவும் இருந்துச்சு, சமையல் பண்ணுச்சு.” அவ்வளவுதான் பாஸ்டர். பதினோரு மாசத்த நாலே வார்த்தையில முடிச்சுட்டேன். வெக்கமா இருக்கு. இத்தன வருஷமா வண்டிக்குக் கீழ நின்னு வெர்சி கேட்டுட்டுத்தான் இருந்தா. ஊருக்குள்ள ஒரு பொய்யின்னு பொறுத்துக்கிட்டா. உலகம் பூரா போனதும் முடியல.

அதனால கேளுங்க. படம் முடிஞ்சு என்னையக் கூப்பிடாதீங்க. படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கூப்பிடுங்க. மொத துப்பாக்கி வெடிச்சா அவ எந்திரிச்சுருவா. அதுக்கு முன்னாடி ஊருக்கு முன்னால நான் சொல்லிரணும், அது பொய்யி, பேன்ட்டுதான் நெசம்னு. மொத வண்டி போனாப் போகட்டும். ஆனா அவ வரணுமே? நான் பேசுறேன்னு நோட்டீஸ்ல பாத்தா சர்ச் ஹால் பக்கமே தல வெச்சுப் படுக்க மாட்டாளே…

ஏய், எங்க எந்திரிக்கிறீங்க? பாஸ்டர்! இன்னும் பாதி மூஞ்சி இருக்கு! சோப்பு நுரையோட… அந்தத் துணியாவது… சர்ச்சு இந்தப் பக்கம்! அது வெர்சி வீடு! வேணாம் பாஸ்டர், இப்பவே சொல்லாதீங்க…

தட்டிட்டாரு.

…தொறந்துட்டா. எனக்கு இருபத்தி ரெண்டு நாளாத் தொறக்காத கதவு. அவரு மூஞ்சியப் பாத்துச் சிரிக்கிறா. அவரு என்னமோ சொல்றாரு, கைய ஆட்டி ஆட்டி… சிரிப்பு நின்னுபோச்சு. இங்க பாக்குறா. பாக்கட்டும். நான் நகர மாட்டேன்.

கொடிக்குப் போறா. கிளிப்ப எடுக்குறா. மடிக்கிறா… நல்லா நீவி மடிக்கிறா… அவரு கையில குடுக்குறா. என்னையக் காட்டி, ரெண்டு கையையும் மேல தூக்கிக் காட்டுறா.

ஓ. நான் மேடையில தூக்கிக் காட்டணுமா.

வாங்க பாஸ்டர், வாங்க. கொஞ்சம் பொறுங்க. கையெல்லாம் சோப்பு, கழுவிட்டு வாங்கிக்கிறேன்.