பூனைக்கு எந்தக் கிழமை?

ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரப் பெண்ணின் கை முழுக்க நகக்கீறல்.

“பூனைக்குத் தோலு செதில் செதிலா உரியுதுக்கா. சனிக்கிழமை தவறாம நல்லெண்ணெய் தேச்சு, சீயக்கா போட்டுத்தான் குளிப்பாட்டுறேன்.”

“சனிக்கிழமை ஆம்பளைக்குல்ல? ஒம் பூனை கடுவனா?”

“கடுவன்னுதான் நெனச்சேன். போன மாசம் மூணு குட்டி போட்டுருச்சு.”

“அதான பாத்தேன்! பொட்டைக்குச் சனிக்கிழமை எண்ணெய் வச்சா ஒடம்பு எப்படி ஏத்துக்கும்? வெள்ளிக்கிழமைக்கு மாத்து.”

“மாட்டாஸ்பத்திரி டாக்டரு, எண்ணெயே கூடாது, குளிப்பாட்டவும் வேணாம்னாருக்கா.”

“எந்தக் கெழமை தேச்சேன்னு கேட்டாரா?”

“கேக்கல.”

“அப்புறம் என்ன டாக்டரு?”

ஜன்னலோரப் பெண் கையைத் தடவிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்:

“குட்டியில ரெண்டு கடுவன்க்கா. அப்ப இனிமே வாரத்துக்கு ரெண்டு நாளா?”